பத்தாவது வீடு

ஜூன் 16, திங்கள்

இந்த நோட்டை நான் கேட்டு வாங்கவில்லை, தலையில் கட்டிவிட்டார்கள். நூறு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் எண், மூலையில் பயிற்சி மையத்தின் முத்திரை. ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாதாம். தினமும் பார்த்த வேலையை எழுதிக் கடைசி நாளில் ஒப்படைக்க வேண்டுமாம். அதைப் பார்த்த பிறகுதான் வயர்மேன் தேர்வு விண்ணப்பத்தில் பெனிட்டா மேடம் கையெழுத்துப் போடுவாராம்.

மேடத்துக்கு வயது இருபத்தாறு இருக்கும். நான் டெஸ்டரைக் கையில் பிடித்தே இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் முதல் வீட்டுக்குக் குழாய் பதித்தபோது அவர் பால்வாடியில் இருந்திருப்பார். இப்போது நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் கரும்பலகை முன்னால் நிற்கிறார். எல்லாம் நேரம்.

போகாமலும் முடியாது. புறவழிச்சாலையில் நூற்றிருபது வீட்டுக் குடியிருப்பு வருகிறது. மூன்று வருஷத்துக்கு வேலை. சான்று இல்லாத வயர்மேன் கேட்டுக்குள்ளேயே கால் வைக்கக் கூடாது என்று என்ஜினியர் சொல்லிவிட்டார். ஊருக்குள் புது வீடு கட்டுகிறவர்களும் இப்போது அட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்தத் தடவை விட்டால் சைக்கிள் டைனமோவுக்குத்தான் வயர் மாட்ட வேண்டும்.

முதல் பக்கத்தில் எழுதச் சொன்னது: மு. கோமதிநாயகம், வயது 44, சங்கரன்கோவில்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு ஃபேன், ஒரு காலிங் பெல். வேறொன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

சுவிட்சைக் கரண்ட் வருகிற ஃபேஸில்தான் போட வேண்டும், அது திரும்பிப் போகிற நியூட்ரலில் போடக் கூடாது என்று இன்று முக்கால் மணி நேரம் வகுப்பு. இதெல்லாம் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பக்கத்தில் உட்காருகிறவர் கடையநல்லூர் மைதீன். வீடுகளுக்குக் கேமராவும் இன்டர்நெட் வயரும் இழுக்கிற ஆள். அவர் பாட்டுக்கு நோட்டில் மத்தியானம் சாப்பிட்டதை எழுதிக்கொண்டிருந்தார். பதினாலு நோட்டையும் யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்றார். நியாயம்தான். நானும் மனசில் பட்டதை எழுதிவிட்டுப் போகிறேன்.

வீட்டுக்கு வந்தால் ஆவுடை மேலத்தெருவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருக்கிறாள். மேலத்தெருவில் என் அண்ணன் சங்கரலிங்கம் வீடு. நான் அந்த வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. என் பெண்டாட்டி மட்டும் மதினியோடு ஒட்டிக்கொண்டு திரிகிறாள்.

"அக்கா இப்பல்லாம் அடுப்படிக்குள்ளயும் செருப்பு போட்டுட்டுத்தான் நிக்காங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்குத் தறி நாலு எட்டாகிவிட்டது அல்லவா. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். மதினி செருப்புப் போட்டுக்கொண்டு சாம்பார் வைக்கிறாள்.

ஏன் பேச்சு வார்த்தை இல்லை என்று இந்த நோட்டு கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். முந்தின வருஷத்துக்கு முந்தின ஆடித்தபசு. ரதவீதியில் சொந்தபந்தம் பத்துப் பேர் நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் அண்ணன் சொல்கிறார், நீ வயரிங் பண்ணின வீட்டில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்கிறது, அதுவும் மோட்டார் போடும்போதுதான் அடிக்கிறது, ஒருக்கா வந்து பார் என்று. என் மச்சினன் பல்லைக் காட்டினான். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் வாய் வெந்தா போகும்? ஈரக் கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு சரி. தொழில்காரனுக்கு ரோஷம் வேண்டாமா?

ஜூன் 25, புதன்

எர்த் வகுப்பு. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வயர்தான் எர்த்.

மேடம் ஒரு பலகை கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு மூன்று பின் பிளக், அதில் ஒரு அயர்ன் பாக்ஸ். டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. எர்த் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று எல்லாரும் கோரஸ் பாடினோம். பலகையைத் திருப்பினார். பின்னால் எர்த் வயரே கிடையாது. நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு அரைச் சாண் வயரில் ஒரு லூப்.

அந்த அரைச் சாண் வயரைப் பார்த்ததும் நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

இதைத் தொழிலில் சில பேர் செய்வதுண்டு. எர்த்துக்கு எட்டடிக் குழி தோண்ட வேண்டும், குழாய் இறக்க வேண்டும், கரியும் உப்பும் போட வேண்டும். வீட்டுக்காரர் தரையைக் கொத்தாதே என்பார். பால்காய்ப்புக்கு நாள் நெருங்கியிருக்கும். அப்போது இந்த லூப்பைப் போட்டுவிட்டால் டெஸ்ட் லாம்ப் எரியும், எல்லாருக்கும் திருப்தி. பிறகு வந்து குழி தோண்டிக்கொள்ளலாம் என்று நினைப்போம். பிறகு என்பது வருவதில்லை.

மேடம் நியூட்ரல் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு, அதன் உடம்புக்கும் நிஜமான எர்த்துக்கும் நடுவில் பல்பை வைத்தார். மங்கலாக எரிந்தது. "இப்பதான் வீட்ல இருக்கவங்க சுள்ளுங்குதுன்னு சொல்லுவாங்க. மோட்டார் மாதிரி பெரிய லோடு ஓடுறப்போ கூடுதலா அடிக்கும்" என்றார். அப்புறம் நியூட்ரலை அடியோடு கழற்றினார். அயர்ன் பாக்ஸ் செத்துவிட்டது. அதன் உடம்பில் வைத்த பல்பு மட்டும் பளீரென்று எரிந்தது.

"நியூட்ரல் அறுந்துட்டா வீட்ல எல்லாமே நின்னுரும். கரண்ட் போயிருச்சுன்னு நினைச்சு யாராவது சாதாரணமா வந்து இதைத் தொடுவாங்க. அப்ப இது உடம்பு பூரா கரண்ட்."

அதற்குப் பிறகு, யாரெல்லாம் இப்படி லூப் போட்டிருக்கிறீர்கள், கை தூக்குங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். பதினாலு பேரில் ஒருவரும் தூக்கவில்லை. எனக்குக் கை லேசாக எழும்பியது. மூக்கைச் சொறிந்துகொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

மாவு மில்லில் ஒரு ஸ்டார்ட்டர் மாற்றினேன். சோறு இறங்கவில்லை. ஆவுடை கேட்டதற்கு வெயில் என்றேன்.

ஜூன் 28, சனி

உட்கார்ந்து ஒவ்வொரு தெருவாக யோசித்தேன். ஒன்பது வீடு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பதுதான். மற்றவன் தொண்ணூறு போட்டிருப்பான். நிச்சயமாக ஒன்பது.

ஜூலை 1, செவ்வாய்

இன்றோடு மூன்று வீடு முடித்தேன். நான் போட்டது தப்பு என்று சொல்லிக்கொண்டா போக முடியும்? வகுப்பில் எர்த் குழி தோண்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் வீட்டில் தோண்டட்டுமா, சும்மாதான் என்று போகிறேன். லூப்பை வெட்டி எடுத்து, குழாயை இறக்கி, புது எர்த் வயரை இழுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

சும்மா என்று சொன்னால்தான் நம் ஜனங்களுக்குச் சந்தேகம் வருகிறது. காந்தி நகர் குருசாமி சார் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தோண்டி முடிக்கிறவரை நாற்காலியைப் போட்டுக் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். புதையல் கிடைத்தால் பாதி தனக்கு என்று நினைத்தாரோ என்னவோ. வெட்டின லூப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டபோது, அது என்ன என்று கேட்டார். பழைய வயர் என்றேன். பொய் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

மேடம் திடீரென்று எல்லார் நோட்டையும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது மைதீனிடம், வியாழக்கிழமை மாமியார் வீட்டு நெய்ச்சோறு நன்றாக இருந்ததா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மைதீன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் இந்த மனுஷி ஒவ்வொரு வரியையும் படிக்கிறார். என் நோட்டை நீட்டும்போது, "எழுதுங்க அண்ணாச்சி, நிறுத்திராதீங்க" என்றார். அவ்வளவுதான்.

கிழிக்கவும் முடியாது, எண் போட்டிருக்கிறது. இனி வேலையை மட்டும்தான் எழுதப் போகிறேன்.

ஜூலை 5, சனி

எர்த் குழி 2.

ஜூலை 7, திங்கள்

எர்த் குழி 2. இடது கையில் கொப்புளம்.

ஜூலை 8, செவ்வாய்

எர்த் குழி 2. ஒன்பது வீடும் முடிந்தது.

ஒன்பதையும் முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் டி.வி. சத்தமாக இருக்கிறது என்று ஆவுடையிடம் எரிந்து விழுந்தேன். டி.வி. ஓடவே இல்லையாம்.

சரி, மேடம் படித்தால் படிக்கட்டும். ஒன்பது இல்லை, பத்து.

அண்ணன் வீட்டுக்கு நான்தான் வயரிங் பண்ணினேன். ஏழு வருஷம் ஆகிறது. முற்றத்தில் சிவப்புக் கல் பதித்து முடித்துவிட்டார்கள், பால்காய்ப்புக்கு மூன்று நாள் இருந்தது. எர்த்துக்கு இடம் விட மறந்தது நான். கல்லைப் பெயர்த்துவிடவா என்று அண்ணன் கடப்பாரையோடு வந்து நின்றார். வேண்டாம் அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் நான். மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் விஷயம். அரைச் சாண் வயரை வெட்டி ஃபிரிட்ஜ் பிளக்குக்குப் பின்னால் போட்டேன்.

மோட்டார் போடும்போதுதான் அடிக்கிறது என்று அன்றைக்கு ரதவீதியில் அவர் சொன்னார். மேடம் சொன்னதும் அதே வார்த்தை. அப்படியானால் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வீட்டு நியூட்ரல் தளர்ந்துவிட்டது. அது அறுகிற அன்றைக்கு மதினிதான் ஃபிரிட்ஜைத் திறப்பாள்.

அண்ணன் அன்றைக்கு என்னை அவமானப்படுத்தவில்லை. வீட்டில் ஷாக் அடிக்கிறது என்று வயர்மேனிடம் சொன்னார். எனக்கு அது தெரிந்துதான் கோபம் வந்தது.

ஜூலை 9, புதன்

மேலத்தெரு முனை வரை போனேன். அண்ணன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே கத்தரிக்காய் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

ஆவுடை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அண்ணன் மகள் முத்தரசிக்குத் திங்கள்கிழமை ராஜபாளையத்தில் வளைகாப்பாம். அன்றைக்குச் சாயங்காலமே பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருகிறார்களாம். ஏழு மாசம். கால் வீங்கியிருக்கிறது, செருப்பே போட முடியவில்லை என்கிறாளாம். வெறுங்காலோடு அந்த வீட்டுக்குள் நடப்பாள். தாகத்துக்கு ஃபிரிட்ஜைத் திறப்பாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கோழைத்தனமான யோசனைதான், எழுதிவிடுகிறேன். மைதீனைக் கூப்பிட்டேன். ஆளைத் தெரியாதவர் மாதிரி அந்த வீட்டுக்குப் போய், வகுப்புக்காக வயரிங் பரிசோதனை செய்கிறோம் என்று சொல்லி லூப்பை வெட்டி, மெயினில் நியூட்ரலை முறுக்கிவிட்டு வந்துவிடுங்கள், குழியைப் பிறகு பார்க்கலாம் என்றேன். ஏன் நீங்களே போனால் என்ன என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார், உடனே கிளம்பிவிட்டார். நல்ல மனுஷன்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். வாசலோடு அனுப்பிவிட்டார்களாம்.

"எங்க வீட்டு வயரிங்கை எல்லாம் எங்க தம்பி பாத்துக்கிடுவான், நீங்க போங்கன்னு சொல்லிட்டாரு அண்ணாச்சி. ஒரு டீ மட்டும் குடுத்தாங்க."

குத்தல். எனக்கு எட்டட்டும் என்றே சொன்ன குத்தல். தம்பி பார்த்துக்கொண்ட லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. இன்னும் மூன்று நாள்.

ஜூலை 12, சனி

வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் நடந்தேன். ஆவுடை வீடு கூட்டுகிறபோது, நடக்கிறவர் அப்படியே மேலத்தெரு வரைக்கும் நடக்கலாமே என்றாள். இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் திட்டினால் திட்டட்டும், நாலு பேரைக் கூட்டினால் கூட்டட்டும். சான்று போனால் போகட்டும். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலுக்குப் போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

கதவு திறந்திருந்தது. வழக்கம்போல் படியில் செருப்பைக் கழற்றப் போனேன். உள்ளேயிருந்து மதினி ஓடிவந்தாள்.

"தம்பி, செருப்பைக் கழட்டாதீங்க. போட்டுக்கிட்டே உள்ள வாங்க."

அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் செருப்புக் காலோடு வீட்டுக்குள் போனவன் கிடையாது. மதினி காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. ஹால் ஓரமாக இன்னும் நாலு ஜோடி ரப்பர் செருப்பு அடுக்கியிருந்தது, பெரியது, சின்னது. அடுப்படியில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு மரப்பலகை. பலகை மேல் சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்திருந்தார்கள். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. துணி பழசாகி, மாற்றி, மறுபடியும் பழசாகியிருந்தது.

செருப்புப் போட்டுக்கொண்டு சாம்பார் வைக்கிறாள் என்று இந்த நோட்டில்தான் எழுதினேன்.

அண்ணன் பின்கட்டிலிருந்து வந்தார். வாடே என்றார். இரண்டு வருஷமாகப் பேசாத ஆளிடம் பேசுகிற மாதிரி இல்லை, கடைக்குப் போய்விட்டு வந்தவனைக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் உட்காரவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே சொன்னேன். எர்த்துக்கு இடம் விட மறந்தது நான்தான், வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பின்னால் லூப் போட்டு மறைத்தேன், ரதவீதியில் நீங்கள் சொன்னபோது எனக்குள் உறைத்தது, அதனால்தான் கோபித்துக்கொண்டு போனேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

மதினி மூக்கை உறிஞ்சினாள்.

"வேற வயர்மேன் யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதாண்ணே? ரெண்டு வருஷமா இப்படியா இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"வேற ஆளைக் கூப்பிட்டா அவன் பெட்டியைத் திறந்து பாப்பான். பாத்துட்டு நாலு இடத்துல சொல்லுவான், கோமதி சொந்த அண்ணன் வீட்லயே இப்படித்தான் வேலை பாத்திருக்கான்னு. அப்புறம் ஒன்னைய எவன்டே வேலைக்குக் கூப்பிடுவான்?" என்றார். "நீ என்னைக்காச்சும் வருவேன்னு இருந்தேன்."

நான் அழுதேன். நாற்பத்து நாலு வயசில் அண்ணன் வீட்டு அடுப்படியில் செருப்புக் காலோடு நின்று அழுதேன். அவர் பாட்டுக்குக் கொல்லைக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் கடப்பாரை.

மெயினை அணைத்துப் பெட்டியைத் திறந்தேன். நியூட்ரல் திருகு கரிக்கட்டையாக இருந்தது. வயரை இரண்டு விரலால் பிடித்ததும் கையோடு வந்துவிட்டது. இன்னும் நாலு நாள் தாங்கியிருக்குமோ என்னவோ. அண்ணனிடம் காட்டினேன். மதினியிடம் காட்டவில்லை.

சிவப்புக் கல் ஆறைப் பெயர்த்து, எட்டடி இறக்கினோம். அண்ணன் தோண்டினார், நான் மண் அள்ளினேன். கொஞ்ச நேரம் நான் தோண்டினேன். கரி, உப்பு, குழாய், பச்சை வயர். ஃபிரிட்ஜ் பிளக்குக்குப் பின்னாலிருந்த லூப்பை வெட்டினேன். மெயினுக்குப் பக்கத்தில், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற எர்த் லீக்கேஜ் சுவிட்ச் ஒன்றும் வைத்தேன். நாலு மணிக்கு மெயினைப் போட்டேன். மோட்டாரையும் போடச் சொன்னேன்.

தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். பலகையைத் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தில் வெறுங்காலோடு நின்று இரண்டு கையாலும் ஃபிரிட்ஜைப் பிடித்தேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். மீட்டர் வைத்து முன்னாலேயே பார்த்துவிட்டேன்தான். இருந்தாலும் அவர்கள் பார்க்க நான் நின்று காட்ட வேண்டும் என்று தோன்றியது.

ஒன்றும் இல்லை. குளுகுளுவென்று இருந்தது.

மதினி செருப்பைக் கழற்ற யோசித்தாள். ஒரு காலைக் கழற்றி, தரையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். அப்புறம் மற்றதையும் கழற்றினாள். நான் கிளம்புகிறபோது ஐந்து ஜோடி ரப்பர் செருப்பும் வாசல் படிக்கு வெளியே கிடந்தன.

நாளை வளைகாப்புக்கு வண்டி ஆறு மணிக்கு என்றார் அண்ணன். ஆவுடையையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலம் முத்தரசி வந்துவிட்டாள். வந்ததும் நேராக ஃபிரிட்ஜுக்குத்தான் போனாள், வெறுங்காலோடு. அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மோர் குடித்தாள்.

ஜூலை 25, வெள்ளி

மேடம், இன்று நோட்டை ஒப்படைக்கிறேன். எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுதினால் அது பொய். இருக்கும்.

ஜூன் 25 அன்று வகுப்பில் ஒரு கேள்வி கேட்டீர்கள். அன்றைக்கு நான் மூக்கைச் சொறிந்துகொண்டேன். இப்போது கை தூக்குகிறேன். பத்து வீடு.